வயதானவர்களை மலைக்கு அனுப்பும்போது செய்யக்கூடாத தவறுகள்

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வயது முதலில் பிடிப்பது காலைத்தான், கையை அல்ல. 55 தாண்டிய ஓர் அக்கா கொழுந்து எடுப்பதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். விரல் ஓடிக்கொண்டே இருக்கும், இரண்டு இலையும் ஒரு மொட்டும் சுத்தமாக வரும். கூடையோடு சரிவில் இறங்கும்போதுதான் தடுமாறுவார். பிரட்டுக்களத்தில் (காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடம்) ஆளாளுக்கு நிரை, அதாவது கொழுந்தெடுக்கும் செடி வரிசை, பிரிக்கும் பலர் இதைக் கவனிப்பதில்லை. இளம் பிள்ளைகளோடு சேர்த்து அவரையும் மேல் மலைக்கு ஏற்றிவிட்டு, கிலோ குறைந்ததும் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போட்டுவிடுகிறார்கள். ரோட்டோரத்து நிரையைக் கொடுத்து, கொழுந்து நிறுக்கும் இடத்தையும் கிட்டக் கொண்டுவந்தால் பாதிப் பிரச்சினை தீரும். மழை நாளில் ஈரக் கொழுந்து எவ்வளவு கனக்கும் என்று தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அடுத்த தவறு, "முடியுமா?" என்று கேட்டுவிட்டுப் பதிலை நம்புவது. "முடியுதுங்க ஐயா" என்பதைத் தவிர வேறு பதில் வராது, பேர் (அன்றைய நாள் சம்பளம்) போய்விடும் என்ற பயம். நானும் ஏமாந்திருக்கிறேன். பகல் நிறுவையில் ஒருவருக்குத் தொடர்ந்து குறைந்தபோது சோம்பல் என்றே நினைத்து அரைப்பேர் எழுதினேன். இடுப்பில் சுற்றிக் கட்டும் படங்குக்குள்ளே முழங்காலைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தது பிறகுதான் தெரிந்தது. அதனால் வாயைக் கேட்காதீர்கள், நிறுவையைப் பாருங்கள். காலையில் கிலோ சரியாக வந்து பகலுக்குப் பின் குறைந்தால் அது உடம்பு, சோம்பல் அல்ல.

அப்புறம், லேசான வேலை தருகிறோம் என்று புல்லு வெட்ட அனுப்புவார்கள். நாள் முழுக்கக் குனிகிற வேலை எப்படி லேசாகும்? தவறணையில் (தேயிலை நாற்றுமேடை) உட்கார்ந்து மண் பை நிரப்பக் கொடுங்கள்.

55 ஆனதும் "போதும், நில்லுங்க" என்பது இன்னமும் நடக்கிறது. ஊழியர் சேமலாப நிதியைப் (EPF) பெண்கள் 50இலும் ஆண்கள் 55இலும் எடுக்கலாம். ஆனால் அது ஓய்வு வயது அல்ல. 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி குறைந்தபட்ச ஓய்வு வயது 60. அந்த ஆண்டிலேயே 52 தாண்டியிருந்தவர்களுக்கு மட்டும் படிப்படியாகக் குறையும்.

வேலையை விட்டு நிற்கும்போது, ஐந்து வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை 30 நாளுக்குள் போய்ச்சேர வேண்டும். சேமலாப நிதி பெரும்பாலும் பெயரில்தான் சிக்கும். செக்ரோலில் (தோட்டத்தில் பேர் பதியும் புத்தகம்) ராமாய், அடையாள அட்டையில் இராமாயி. அவர் பிரட்டுக்கு வந்துகொண்டிருக்கும்போதே அதைத் திருத்திவிடுங்கள்.