வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தால்

கொழும்பு, புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் பருப்பும் கொத்தமல்லியும் காய்ந்த மிளகாயும் இறக்குமதி செய்யும் கடையொன்றில் 22 வருடமாகக் கணக்குப் பார்க்கிறேன். கொம்பியூட்டர் படித்தவள் இல்லை. ஆனால் 2019இல் ஒரு வெள்ளிக்கிழமை, 18,400 டொலரைத் திருடனின் கணக்குக்கு அனுப்பும் படிவத்தை நிரப்பியது என் கைதான். அந்தக் காசு திரும்பி வரவேயில்லை. அதற்குப் பிறகு நாங்கள் பழகிக்கொண்டவற்றை, என்னைப் போல கணக்கு மேசையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

வழக்கமாகப் பருப்பு அனுப்புபவர் எழுதியதாகத்தான் அந்த மின்னஞ்சல் வந்தது. நாங்கள் முன்பு எழுதியதெல்லாம் அதன் கீழே அப்படியே இருந்தது. இன்வொய்ஸ் எண் சரி, கொன்டெய்னர் எண் சரி. "எங்கள் வங்கியில் கணக்காய்வு நடக்கிறது, இந்த முறை மட்டும் இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்" என்று இருந்தது. முகவரியில் ஒரேயொரு வித்தியாசம்: ஆங்கிலத்தில் எம் வர வேண்டிய இடத்தில் ஆரும் என்னும் ஒட்டிக்கொண்டு நின்றன. சின்ன எழுத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

ஆகவே முதல் வேலை இது. கணக்கு எண் மாறிவிட்டது என்று யார் எழுதினாலும் அந்த மின்னஞ்சலுக்குப் பதில் போடாதீர்கள். பதில் திருடனுக்குத்தான் போகும். அதிலுள்ள தொலைபேசி எண்ணுக்கும் அழைக்காதீர்கள். பழைய கோப்பை எடுங்கள். முதல் கொள்முதலின்போது கிடைத்த விசிட்டிங் கார்ட்டில் ஓர் எண் இருக்கும், அதற்கு அழையுங்கள். பழைய கணக்கின் கடைசி நாலு இலக்கத்தை அவரே சொல்லட்டும், நீங்கள் எடுத்துக் கொடுக்க வேண்டாம். அப்புறம் படிவத்தில் இரண்டு பேர் கையெழுத்து, ஒரு வேலை நாள் காத்திருப்பு. எங்கள் முதலாளி முதலில் "இவ்வளவு சுணக்கமா?" என்றார். இப்போது நான் மறந்தாலும் அவர் கேட்கிறார்.

அவர்களே அழைத்துப் பேசினால்? வைத்துவிட்டு நீங்கள் திரும்ப அழையுங்கள். 2024 பெப்ரவரியில் ஹொங்கொங் பொலிஸார் வெளியிட்ட சம்பவம் நினைவிருக்கலாம். ஒரு நிறுவனத்தின் நிதிப் பிரிவு ஊழியர், வீடியோ அழைப்பில் தெரிந்த மேலதிகாரிகளின் போலி முகங்களை நம்பி, சுமார் 25 மில்லியன் டொலரை அனுப்பிவிட்டார். முகத்தையும் குரலையும் இனி அத்தாட்சியாக எடுக்க முடியாது.

வெள்ளிக்கிழமை பின்னேரமும் போயா (பௌர்ணமி) விடுமுறைக்கு முந்திய நாளும் புதிய கணக்குக்குக் காசு அனுப்புவதை நிறுத்திவிட்டோம். இதை நான் பங்களாதேஷ் மத்திய வங்கியின் கதையிலிருந்து கற்றேன். 2016 பெப்ரவரி 4 வியாழன் இரவு, அந்த வங்கியின் கணினிகளுக்குள் நுழைந்தவர்கள் 951 மில்லியன் டொலர் கேட்டு நியூயோர்க் பெடரல் ரிசர்வ் வங்கிக்கு 35 கட்டளைகளை அனுப்பினார்கள். டாக்காவில் வெள்ளி விடுமுறை, நியூயோர்க்கில் சனியும் ஞாயிறும், மணிலாவில் திங்கள் சீனப் புத்தாண்டு. 81 மில்லியன் மணிலாவுக்குப் போய் பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளுக்குள் மறைந்தது. 20 மில்லியன் எங்கே வந்தது தெரியுமா? இங்கே, எங்கள் நாட்டு வங்கிக் கணக்கொன்றுக்கு. பெறுபவர் பெயரில் 'ஃபவுண்டேஷன்' என்ற சொல்லை எழுத்துப்பிழையோடு அடித்திருந்தார்கள். இடையிலிருந்த வங்கி விளக்கம் கேட்டது, காசு திரும்பிப் போனது.

ஓர் எழுத்துப்பிழையை யாரோ ஒருவர் நின்று பார்த்ததால் தப்பியது 20 மில்லியன். எங்கள் 18,400ஐக் காப்பாற்றவும் அதே கண்தான் தேவைப்பட்டது. அதனால் இப்போது ஒவ்வொரு முகவரியையும் பெரிய எழுத்தில் தாளில் அச்சடித்து, பழையதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம்.

சரி, திருடனுக்கு எங்கள் கொன்டெய்னர் எண் எப்படித் தெரிந்தது? பல வாரங்களாக எங்கள் மின்னஞ்சலை வாசித்துக்கொண்டிருந்திருக்கிறான். இன்றே உங்கள் கடை மின்னஞ்சலின் அமைப்புகளைத் திறந்து, ஃபோர்வர்டிங், ஃபில்டர் என்ற இரண்டு இடங்களையும் பாருங்கள். எங்களுடையதில், 'இன்வொய்ஸ்' என்ற சொல் உள்ள ஒவ்வொரு கடிதத்தின் பிரதியும் தெரியாத முகவரியொன்றுக்குப் போகும்படி வைத்திருந்தான். கடவுச்சொல்லை மாற்றினாலும் அது நிற்காது, தனியாக அழிக்க வேண்டும். அதன் பிறகு புதிய கடவுச்சொல். நுழையும்போது போனிலும் உறுதிசெய்யும் இரண்டாவது பூட்டையும் போடுங்கள்.

அடுத்தது கணக்குப் புத்தகங்களின் பிரதி. இதில்தான் நான் பிடிவாதம் பிடிக்கிறேன். 2017 ஜூன் 27 அன்று நொட்பெட்யா என்ற நாசகார நிரல் உக்ரைனில் தொடங்கியது. அங்கே நிறுவனங்கள் பாவிக்கும் கணக்கு மென்பொருளின் அப்டேட்டுக்குள் அதை ஒளித்து வைத்திருந்தார்கள். ரஷ்ய இராணுவத்தின் வேலை என்று பிரிட்டனும் அமெரிக்காவும் பிறகு அறிவித்தன. அது உக்ரைனோடு நிற்கவில்லை. கொன்டெய்னர் ஏற்றும் மேர்ஸ்க் நிறுவனம் 4,000 சேர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவ வேண்டி வந்தது. அதன் கணினிகளுக்குள் யார் யார் நுழையலாம் என்ற பதிவேடு உலகெங்கும் அழிந்துபோக, கானாவில் ஒரேயொரு பிரதி மிஞ்சியது. அந்த நேரம் அங்கே மின்வெட்டு, அதனால் அந்தக் கணினி இணைப்பில் இருக்கவில்லை. இரண்டு நாடுகளின் சண்டை இப்படித்தான் நம் பருப்பு மூட்டை வரை வருகிறது.

மின்வெட்டை நம்பியிருக்க முடியாது, நாமே வயரைக் கழற்ற வேண்டும். எங்களிடம் இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்றில் சிவப்பு டேப், மற்றதில் நீல டேப். திங்கள் சிவப்பு, வியாழன் நீலம். பிரதி எடுத்து முடிந்ததும் கழற்றிவிடுவோம். ஒன்று கடை அலுமாரியில், மற்றது கொட்டாஞ்சேனையில் என் வீட்டு லாச்சியில். கணினியில் செருகியபடியே இருக்கும் டிஸ்க்கைப் பிரதியாக எண்ணாதீர்கள், கப்பம் கேட்கும் நிரல் அதையும் சேர்த்தே பூட்டிவிடும். இலங்கை அரச கிளவுட் 2023இல் தாக்கப்பட்டபோது இணைப்பில் இருந்த பிரதியும் சேர்ந்து போனது. சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் இல்லாமல் போயின. மாதத்தின் முதல் சனிக்கிழமை, பழைய லேப்டொப்பில் டிஸ்க்கைச் செருகி, கடன்காரர் பேரேடு திறக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை நீலம் திறக்கவில்லை. தேவைப்படும் நாளில் அது தெரியவந்திருந்தால் என்ன செய்திருப்போம்!

அப்டேட்டைப் பற்றிச் சுருக்கமாக: போடுங்கள். 2017 மே 12 அன்று வொன்னகிரை என்ற கப்பம் கேட்கும் நிரல் சுமார் 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டியபோது, அதற்கான திருத்தத்தை மைக்ரோசொஃப்ட் வெளியிட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. கள்ள விண்டோஸ் வேண்டவே வேண்டாம். நொட்பெட்யா அப்டேட் வழியாகத்தானே வந்தது என்று கேட்பீர்கள். உண்மைதான், கழற்றி வைத்த டிஸ்க் அதற்காகத்தான்.

இவ்வளவும் செய்தும் ஒரு நாள் காசு போய்விட்டால், வங்கிக்கு நேரில் ஓடுங்கள். அனுப்பிய காசை நிறுத்தி மீட்டுத் தரும்படி எழுத்தில் கேளுங்கள். மின்னஞ்சலை அழிக்காதீர்கள், அச்சுப் பிரதி மட்டும் போதாது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் பொலிஸில் முறையிடலாம், கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரச அமைப்பான இலங்கை சேர்ட்டுக்கும் அறிவிக்கலாம். கணினி பூட்டப்பட்டால் முதலில் நெட்வொர்க் வயரைப் பிடுங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் முன் முதலாளியிடம் சொல்லுங்கள். அந்த வெள்ளிக்கு அடுத்த திங்கட்கிழமை ஒரு மணிக்கு, காசு திருடனுக்குப் போய்விட்டது என்று எனக்கு விளங்கிவிட்டது. பயத்தில் ஒருவருக்கும் சொல்லாமல், திருடனுக்கே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தேன். முதலாளியின் அறைக்குள் நான் போனபோது மணி மூன்று கடந்துவிட்டது, வங்கி மூடிவிட்டார்கள்.