பன்னிரண்டு ஒன்றுகளை உடைப்பது எப்படி?

பெரிய பகு எண் ஒன்று கிடைத்தால் உடனே 3-ஆல், 7-ஆல் என்று வகுக்க இறங்காதீர்கள். நான் அப்படி இறங்கி ஒரு மாலையையே தொலைத்தவன். 12 ஒன்றுகளை வரிசையாக எழுதி, அந்த எண்ணைப் பகாக் காரணிகளாக உடைக்க உட்கார்ந்தேன். ஒரு ஒன்று விட்டுப்போனதைக் கவனிக்கவில்லை. 11 ஒன்றுகள் என்றால் அது 21649 × 513239. சின்னப் பகா எண் எதுவும் அதை வகுக்காது. 500-ஐத் தாண்டிய பிறகுதான் இலக்கங்களை எண்ணிப் பார்க்கத் தோன்றியது. அதிலிருந்து மும்மூன்றாகப் பிரித்துத்தான் எழுதுகிறேன்: 111 111 111 111.

எழுதியதும் அதன் உருவத்தைப் பாருங்கள். நடுவில் வெட்டினால் இரண்டு பக்கமும் 111111. ஆகவே எண் = 111111 × 1000001. இடது பாதி சுலபம்: 111 × 1001. முதலாவது 3 × 37. 1001 என்பது 7 × 11 × 13.

1000001 தான் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அதை 100-இன் கனத்தோடு 1 கூட்டியதாகப் பாருங்கள். பள்ளியில் படித்த a³ + 1 = (a + 1)(a² − a + 1) இங்கே உதவும். a = 100 என்று போட்டால் 101 × 9901.

101 பகா எண். 9901? அதன் வர்க்கமூலம் 100-க்குச் சற்றுக் கீழே. அதுவரை 25 பகா எண்கள் இருக்கின்றன. அத்தனையையும் சோதிக்க வேண்டாம். 9901-ஐ வகுக்கும் எந்தப் பகா எண்ணாலும் 10-இன் அடுக்குகளை வகுத்துக்கொண்டே போனால், 12-ஆம் அடுக்கில்தான் முதன்முறையாக மீதி 1 வரும். ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி அந்தப் பகா எண்ணில் 1-ஐக் கழித்தால் 12-ஆல் மீதியின்றி வகுபட்டாக வேண்டும். 100-க்குள் அப்படிப்பட்டவை 13, 37, 61, 73, 97 மட்டுமே. மீதிகள் வரிசையாக 8, 22, 19, 46, 7. ஐந்தே வகுத்தல், 9901 பகா எண்தான். (எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த இடம் இது.)

ஆக, 3 × 7 × 11 × 13 × 37 × 101 × 9901. எதுவும் இரண்டு முறை வரவில்லை. ஒவ்வொன்றையும் சேர்க்கலாம், விடலாம் என்பதால் மொத்த வகுத்திகள் 2-இன் 7-ஆம் அடுக்கு, அதாவது 128. ஏதாவது ஒன்று திரும்ப வந்திருந்தால், அதன் அடுக்கோடு 1 கூட்டிப் பெருக்க வேண்டும். வகுத்திகளின் கூட்டுத்தொகை வேண்டுமா? 4 × 8 × 12 × 14 × 38 × 102 × 9902. இது எண்ணைப் போல ஏறக்குறைய 1.857 மடங்கு. இரண்டு மடங்கைத் தொடாததால் இது குறை எண்.

எல்லா எண்ணும் இப்படி வழிவிடாது. 2-இன் 67-ஆம் அடுக்கில் 1-ஐக் கழித்தால் வருவது 147573952589676412927. 1644-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் மெர்சென் இதைப் பகா எண் பட்டியலில் சேர்த்தார். 1876-இல் இன்னொரு பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்கா, ஒரு காரணியைக்கூடக் கண்டுபிடிக்காமலேயே, இது பகு எண் என்று நிறுவினார். காரணிகளை 1903-இல் காட்டியவர் அமெரிக்கக் கணித அறிஞர் ஃபிராங்க் நெல்சன் கோல்: 193707721 × 761838257287. இங்கேயும் உருவம் உதவுகிறது. காரணி எதுவானாலும் அதில் 1-ஐக் கழித்தால் 134-ஆல் (2 × 67) வகுபட வேண்டும். 193707720-ஐ 134-ஆல் வகுத்தால் 1445580. இருந்தும் தேட வேண்டியவை பத்து லட்சத்துக்கும் மேல்.

பெருக்கலைச் சரிபார்க்க நான் முதலில் இலக்கங்களைத்தான் கூட்டுவேன். கோலின் இரண்டு காரணிகளுக்கும் அது 37, 64, இரண்டும் 9-ஆல் வகுக்க மீதி 1. பெரிய எண்ணின் இலக்கங்கள் கூட்டினால் 109, அதற்கும் மீதி 1. இது பொருந்தாவிட்டால் நிச்சயம் தப்பு. பொருந்தினால் முழுப் பெருக்கலையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.