தவணைப் பரீட்சைத் தாளை எறியாதீர்கள்: புள்ளி கூட்ட ஒரு பிழைக்கொப்பி

இலங்கையில் வன்னியின் மல்லாவியில் இருக்கும் என் மருமகள் போன தவணை கணிதத்தில் 41 எடுத்தாள். தரம் 11. கிழமையில் ஐந்து நாள் ரியூசன், வீட்டுச் சுவர் முழுக்கச் சூத்திரம். "இனியும் என்னத்தைப் படிக்கிறது மாமா?" என்று கேட்டாள். விடைத்தாளைக் காட்டு என்றேன். புத்தகப்பையின் அடியில், பாண் சுற்றின கடதாசியோடு கசங்கிக் கிடந்தது.

இரண்டு பேரும் பாயில் இருந்து கணக்குப் பார்த்தோம். போனது 59 புள்ளி. அதில் 22 அவளுக்கு நன்றாகத் தெரிந்த கணக்குகளில் போயிருந்தது. தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் 35க்கு எஸ் சித்தி, 50க்கு சி, 65க்கு பி, 75க்கு ஏ. அந்த 22ஐச் சேர்த்தால் 63. புதிதாக ஒரு பாடமும் படிக்காமலே எஸ் சியாகியிருக்கும், பிக்கு இன்னும் இரண்டே புள்ளி. அன்றைக்குத் தொடங்கியதைத்தான் கீழே எழுதுகிறேன். கணிதத்தை வைத்துச் சொல்கிறேன், மற்றப் பாடங்களுக்கும் பெரும்பாலும் இதே வழிதான்.

முதல் வேலை: தாள்களைத் தேடி எடுங்கள்

கடைசி இரண்டு தவணைத் தாள்களாவது வேண்டும். பள்ளிக்கூடத்தில் திருப்பித் தரவில்லை என்றால் சேரிடமோ ரீச்சரிடமோ கேட்டு ஃபோனில் படம் எடுங்கள். புள்ளி குறைவு என்று வெட்கப்பட வேண்டாம். திருத்தியவருக்கு அது ஏற்கெனவே தெரியும்.

இரண்டாவது: பிழையைப் பிரியுங்கள்

புள்ளி குறைந்த ஒவ்வொரு இடத்திலும் பென்சிலால் ஓர் எழுத்துப் போடுங்கள். அந்தக் கணக்கே தெரியாது என்றால் 'தெ'. தெரிந்தும் விட்டுவிட்டால் 'வி'. இதில் உங்களுக்கு நீங்களே பொய் சொல்லக்கூடாது. "சும்மா கவனக்குறைவு" என்று எல்லாவற்றுக்கும் 'வி' போடத்தான் கை போகும். விடையைப் பார்க்காமல் இப்போது செய்ய முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் மட்டும் 'வி'.

மருமகளின் தாளில் இருந்த ஒன்று: ஒருவர் 40 000 ரூபாவை ஆண்டுக்கு 9% எளிய வட்டிக்குக் கடன் எடுக்கிறார். 3 ஆண்டு முடிவில் அவர் கட்ட வேண்டிய மொத்தப் பணம் எவ்வளவு?

அவள் எழுதியது: 40 000 × 9/100 × 3 = 10 800. கீழே இரண்டு கோடு. அதோடு நின்றுவிட்டது. வட்டி வந்தவுடன் கணக்கு முடிந்தது என்று கை நினைத்துவிட்டது. முதலையும் சேர்த்து 50 800 என்று எழுதியிருக்க வேண்டும். இத்தனைக்கும் தகப்பன் விதைநெல்லுக்கு எடுத்த கடனுக்கு முதலும் வட்டியும் எவ்வளவு என்று வாயாலேயே சொல்லக்கூடிய பிள்ளை அவள்.

மூன்றாவது: பிழைக்கொப்பி

80 பக்கக் கொப்பி ஒன்று போதும். இடப்பக்கத்தில் கேள்வியை முழுதாக எழுதுங்கள். அதன் கீழே, நீங்கள் எந்த இடத்தில் பிழைத்தீர்கள் என்று ஒரே வரி. "கவனமாக இருக்க வேண்டும்" என்று எழுதினால் அது வீண் வரி. "மொத்தம் கேட்டார்கள், வட்டியோடு நின்றேன்" என்று எழுதுங்கள்.

வலப்பக்கத்தை வெறுமையாக விடுங்கள். இரண்டு நாள் கழித்து, இடப்பக்கத்தில் கேள்வியை மட்டும் பார்த்து அங்கே செய்யுங்கள். சரி வந்தால் திகதி போட்டு, ஒரு கிழமை கழித்து இன்னொரு தரம். அதுவும் சரி என்றால் கேள்வியின் மேல் ஒரு கோடு போட்டு வெட்டிவிடலாம். பிழைத்தால் திரும்ப இரண்டு நாள். இந்த இடைவெளிதான் முக்கியம். அன்றைக்கே பத்துத் தரம் செய்தால் அன்றைக்கு மட்டும்தான் நிற்கும்.

'தெ' போட்டவற்றைத் தனியாகச் செய்யப் பார்த்து மண்டையை உடைக்காதீர்கள். ஒரு நாளைக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு சேரிடம் போங்கள். "கணிதம் விளங்கவில்லை" என்று போனால் அவரும் என்ன செய்வார்? "இந்த மூன்றாவது வரி எப்படி வந்தது?" என்று கேட்டால் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

வரலாறும் விஞ்ஞானமும் இதைவிடச் சுருக்கம். ஒரு பக்கம் வாசியுங்கள், புத்தகத்தை மூடுங்கள், நினைவில் நிற்பதை வெறுந்தாளில் எழுதுங்கள், பிறகு திறந்து விடுபட்டதைச் சிவப்பால் சேருங்கள். சேர்த்த சிவப்பு வரிகள் பிழைக்கொப்பிக்குப் போகும்.

நான்காவது: மணிக்கூட்டோடு பாஸ்பேப்பர் (பழைய பரீட்சை வினாத்தாள்)

கட்டிலில் சாய்ந்துகொண்டு விடையைப் பார்த்துப் பார்த்துச் செய்வது பாஸ்பேப்பர் செய்தது ஆகாது. கணிதம் முதலாம் பத்திரம் 2 மணித்தியாலம். பகுதி ஏயில் 25 சிறு கேள்வி, தலா 2 புள்ளி. பகுதி பியில் 5 கேள்வி, தலா 10. சிறு கேள்விக்கு 2 நிமிடப்படி 50 நிமிடம், பெரியதற்கு 12 நிமிடப்படி 60 நிமிடம், திருப்பிப் பார்க்க 10 நிமிடம். இரண்டாம் பத்திரத்தில் 3 மணித்தியாலத்தில் 10 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 17 நிமிடம் என்றால் அங்கேயும் 10 நிமிடம் மிஞ்சும். "நேரம் காணாது மாமா" என்று சொன்னவள், ஒரு சிறு கேள்வியோடு ஒன்பது நிமிடம் மல்லுக்கட்டியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். வராவிட்டால் வட்டம் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

செய்து முடித்ததும் புள்ளித்திட்டத்தை வைத்து நீங்களே திருத்துங்கள். எந்த வரிக்குப் புள்ளி விழுகிறது என்று அப்போதுதான் கண்ணுக்குப் படும். கடைசி விடை பிழைத்தாலும் சரியான படிமுறைக்குப் புள்ளி உண்டு. அதனால் செய்கையைக் காட்டாமல் விடையை மட்டும் எழுதும் பழக்கத்தை விடுங்கள். பரீட்சைத் திணைக்களத்தின் மதிப்பீட்டு அறிக்கை கிடைத்தால் வாசியுங்கள், பிள்ளைகள் வழக்கமாக எங்கே பிழைக்கிறார்கள் என்று அதில் இருக்கும். பாடநூல் கிழிந்திருந்தால் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாக எடுக்கலாம்.

நேரம் எங்கே என்பீர்கள்

காலபோக நெல் அறுவடை நேரத்தில் வன்னி வீடுகளில் பிள்ளைகளும் வயலுக்குப் போவார்கள், ஆடு மாடும் பார்ப்பார்கள். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய்வந்த மறுநாள் புத்தகத்தைத் தொட முடியாது. அதையெல்லாம் மறைத்து எழுதும் நேரசூசி மூன்றாம் நாளே கிழிந்துபோகும். பிழைக்கொப்பிக்கு நாளுக்கு 40 நிமிடம் காணும். மருமகள் விடியப்புறம், தாய் அடுப்பு மூட்டும் நேரத்தில் செய்கிறாள். ரியூசனில் ஒரு நாளைக் குறைக்கச் சொன்னேன். தாய்க்கு என்னில் கொஞ்சம் கோபம்தான். இருந்தாலும் கேட்டதைத் தானே ஒரு தரம் செய்து பார்க்க நேரமில்லாத பிள்ளைக்கு ஐந்தாவது நாள் ரியூசனும் காதோடு போய்விடும் என்பது என் எண்ணம்.

கொப்பி முடிந்ததும் புதியதைத் தொடங்கும்போது, பழையதில் இன்னும் வெட்டப்படாத கேள்விகளை மட்டும் அதற்கு மாற்றுங்கள். மருமகளுக்குப் பதினொன்று மிஞ்சியது. அதில் ஏழு வட்டத் தேற்றங்கள். இந்தச் சனிக்கிழமை அவற்றோடுதான் இருக்கப்போகிறோம்.