ஃபிங்கர்பிக்கிங்குக்கு அகூஸ்டிக் கிடார் வாங்குவது எப்படி? புதியது, பழையது இரண்டுக்கும் ஒரு செய்முறை

ஃபிங்கர்பிக்கிங், அதாவது பிக் எனும் சின்னத் தகடு இல்லாமல் விரல்களாலேயே மீட்டும் வாசிப்பு, பழக கிடார் தேடுகிறவர்கள் பெரும்பாலும் பிராண்டிலிருந்துதான் தொடங்குகிறார்கள். என்னைக் கேட்டால், ஒரு சின்ன ஸ்டீல் ஸ்கேலைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள் என்பேன். இந்த வாசிப்பில் கட்டைவிரல் தடித்த கம்பிகளில் மாறி மாறித் தாளம் போட, சுட்டுவிரலும் நடுவிரலும் மெல்லிய கம்பிகளில் மெட்டை எடுக்கும். கென்டக்கிக்காரரான மெர்ல் டிராவிஸின் பெயரால் டிராவிஸ் பிக்கிங் என்று சொல்வது இதைத்தான். ஒவ்வொரு விரலுக்கும் தனி வேலை என்பதால், விரல்களுக்கு இடம் கொடுக்காத கிடார் எவ்வளவு பெரிய பிராண்டாக இருந்தாலும் பயனில்லை.

படி 1: கம்பிகளுக்கு நடுவே இருக்கும் இடத்தை அளங்கள்

கழுத்தின் தலைப்பக்கம், கம்பிகள் சின்னச் சின்னப் பள்ளங்களில் உட்கார்ந்திருக்கும் துண்டுக்கு நட் என்று பெயர். அதன் அகலத்தை அளக்க வேண்டும். ஸ்டீல் கம்பி கிடார்களில் அதிகம் பார்ப்பது இரண்டு அளவுகள்: 43 மி.மீ., 44.5 மி.மீ. ஒன்றரை மி.மீ.தானே என்று தோன்றும். ஆனால் சி கார்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கம்பியாக மீட்டிப் பாருங்கள். இடதுகை விரல் பக்கத்துக் கம்பியைக் கொஞ்சம் தொட்டாலும் அந்தக் கம்பி மட்டும் மொட்டையாக ஒலிக்கும். பிக்கால் மொத்தமாக வாரி வாசிக்கும்போது காதுக்குத் தப்பிவிடும் இந்தக் குறை, விரலால் மீட்டும்போது அப்பட்டமாகத் தெரியும்.

வலதுகைக்கு முக்கியம் சாடில். பாடியின் மேல் ஒட்டியிருக்கும் பிரிட்ஜ் என்ற கட்டையில் பதிந்து, கம்பிகளைத் தாங்கும் துண்டு அது. அங்கே முதல் கம்பிக்கும் (மிக மெல்லியது) ஆறாம் கம்பிக்கும் (மிகத் தடித்தது) இடையே 54 முதல் 57 மி.மீ. வரை இருக்கும். 57 பக்கம் போகப் போக மீட்டும் விரல்களுக்கு வசதி.

விரல் தடித்தவர்கள் 44.5-க்குக் கீழே போக வேண்டாம். டெய்லர் கிடார்களில் பெரும்பாலானவை இந்த அளவுதான். கனடாவின் சீகல் எஸ்6-இல் ஏறக்குறைய 46 மி.மீ. வரும். சின்னக் கைக்காரர்களுக்கு யமஹா எஃப்எஸ்800 மாதிரி 43 மி.மீ. கிடாரே போதும். நைலான் கம்பி போடும் கிளாசிக்கல் கிடாரில் 52 மி.மீ. இருக்கும். அது வேறு வகை. அதில் ஸ்டீல் கம்பி மாட்டினால் இழுவை தாங்காமல் பிரிட்ஜ் பிய்ந்துவிடலாம்.

படி 2: பாடியின் அளவு

கடையில் முதலில் கையில் கொடுப்பது டிரெட்நாட் எனும் பெரிய பாடி. சத்தமாக கார்டு வாசித்துப் பாட நல்லது. விரலால் மெல்ல மீட்டும்போது அதன் தடித்த கம்பிகள் மெட்டை அமுக்கிவிடும். இடுப்பு ஒடுங்கிய, ஓஎம், 000, 00 என்று பெயரிட்ட சின்ன பாடி அளவுகளில் எல்லாக் கம்பிகளும் ஒரே அளவில் பேசும்.

ஓஎம் வந்த கதை சுவையானது. அட்லாண்டாவின் பாஞ்சோ கலைஞர் பெர்ரி பெக்டெல் நீளமான கழுத்து வேண்டும் என்று கேட்டதால், 1929-இல் மார்ட்டின் நிறுவனம் பாடிக்கு வெளியே 14 ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) நிற்கும்படி செய்து கொடுத்தது. அதுவரை 12 ஃப்ரெட்தான் வழக்கம். இன்றைக்கும் 12 ஃப்ரெட் கிடார்கள் வருகின்றன. அவற்றில் பிரிட்ஜ் பாடியின் நடுப்பகுதிக்கு நகர்ந்திருப்பதால் ஒலி உருண்டையாக, கனிவாக வரும். கிடைத்தால் ஒருமுறை மடியில் வைத்துப் பாருங்கள்.

படி 3: டாப் முழுமரமா, ஒட்டுப்பலகையா?

டாப் என்பது ஒலித்துளை இருக்கும் முன்பலகை. அந்தத் துளையின் விளிம்பை உற்றுப் பாருங்கள். மேலே ஓடும் மரக்கோடுகள் விளிம்பிலும் அப்படியே தொடர்ந்து கீழே இறங்கினால் அது முழுமரம். விளிம்பில் வேறு நிறத்தில் அடுக்குகள் தெரிந்தால் ஒட்டுப்பலகை. பக்கங்களும் முதுகும் ஒட்டுப்பலகையாக இருந்தால் பரவாயில்லை, டாப் மட்டும் முழுமரமாக இருக்கட்டும். ஸ்ப்ரூஸ் கணீரென்று ஒலிக்கும். சீடர் மென்மையான மரம், லேசாகத் தொட்டாலே பேசும். மெல்லக் கை வைப்பவர்களுக்கு நான் சீடரையே சொல்வேன்.

படி 4: ஆக்‌ஷன்

ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரம்தான் ஆக்‌ஷன். 12-ஆவது ஃப்ரெட்டின் மேல் ஸ்கேலை நிறுத்தி அதைப் பாருங்கள். ஆறாம் கம்பியில் 2.5 மி.மீ. அளவிலும், முதல் கம்பியில் 2 மி.மீ.க்குள்ளும் இருந்தால் நல்லது. சற்றுக் கூட இருந்தால் உடனே ஒதுக்க வேண்டாம், பட்டறையில் செட்-அப் (கிடாரை வாசிப்புக்கு ஏற்பச் சீர்செய்வது) செய்யும்போது குறைத்துவிடலாம்.

படி 5: புதியதா, பழையதா?

முதல் கிடார் என்றால் புதியதே வாங்குங்கள். வாரன்டி இருக்கும், கழுத்து வளைவைச் சாவியால் சரிசெய்ய, கழுத்துக்குள் ட்ரஸ் ராட் என்ற உலோகக் கம்பி இருக்கும். பழைய கிடார்களில் அதை நம்ப முடியாது. மார்ட்டினில் திருகக்கூடிய ட்ரஸ் ராட் வந்ததே 1985-இல்தான். அதற்கு முந்தைய மார்ட்டின் கழுத்து வளைந்துவிட்டால் சாவியால் ஒன்றும் செய்ய முடியாது, கைதேர்ந்த பட்டறைக்காரரிடம்தான் போக வேண்டும்.

அப்படியிருந்தும் பழையதைத் தேடி அலைவதில் நியாயம் இருக்கிறது. 1930-களின் கிப்சன் எல்-00, மார்ட்டின் 00-18 போன்றவை இறகுபோல லேசானவை, தொட்ட மாத்திரத்தில் பதில் சொல்லும். கை ஓரளவு பழகிய பிறகு அதற்குப் போங்கள். கீழே உள்ள சோதனைகளைச் செய்யாமல் பணத்தை எடுக்க வேண்டாம்.

படி 6: பழைய கிடாரைச் சோதிக்கும் முறை

முதலில் கழுத்தின் கோணம். மற்ற எல்லாமே இதற்கு அப்புறம்தான். கம்பிகள் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ விசையில் கழுத்தை முன்னால் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. பல பத்தாண்டுகள் போனால் கழுத்து பாடியோடு சேரும் இடத்தில் கோணம் மாறிவிடும். இதைக் கண்டுபிடிக்க, நீளமான நேர் ஸ்கேல் ஒன்றைக் கம்பிகளுக்கு நடுவே ஃப்ரெட்களின் மேல் படுக்க வையுங்கள். அதன் முனை பிரிட்ஜ் வரை போகட்டும். முனை பிரிட்ஜ் மரத்தின் மேல்தளத்தை உரசியபடி நின்றால் கோணம் சரி. பிரிட்ஜின் முன்பக்கச் சுவரில் முட்டினால் கழுத்தைக் கழற்றி மறுபடி பொருத்த வேண்டியிருக்கும். நெக் ரீசெட் என்பார்கள். செலவு அதிகம்.

விற்பவர் 'சாடிலைத் தேய்த்தால் போதும்' என்று சொன்னால் சாடிலைப் பாருங்கள். 12-ஆவது ஃப்ரெட்டில் 1 மி.மீ. குறைய, சாடிலில் 2 மி.மீ. தேய்க்க வேண்டும். அது ஏற்கெனவே பிரிட்ஜோடு ஒட்டித் தாழ்ந்திருந்தால் தேய்க்க மிச்சம் ஏது?

அடுத்து பிரிட்ஜ். அதன் பின்விளிம்புக்கு அடியில் ஒரு காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். உள்ளே போனால் பசை விட்டிருக்கிறது. பிறகு விரல் முட்டியால் டாப்பை அங்கங்கே தட்டுங்கள். எங்காவது சலசலவென்று கேட்டால் உள்ளே டாப்பைத் தாங்கும் பிரேஸ் கட்டை கழன்றிருக்கிறது. சின்னக் கண்ணாடியையும் செல்போன் டார்ச்சையும் ஒலித்துளைக்குள் விட்டுப் பார்த்தால் அது கண்ணுக்கே தெரியும்.

விரிசல் கண்டு பயந்து ஓட வேண்டாம். பழைய மார்ட்டின்களில் பிக்கார்டை (டாப்பில் கீறல் விழாமல் காக்கும் தகடு) நேராக மரத்தில் ஒட்டியிருப்பார்கள். அது சுருங்கும்போது ஓரத்தில் மரத்தையும் பிளந்துவிடும். ஒழுங்காக ஒட்டி அடைத்திருந்தால் ஒலிக்குக் கேடில்லை, விலையும் குறையும். மறுபாலிஷ் போட்டது, ட்யூனர் மாற்றியது இவையும் அப்படித்தான். சேகரிப்பவர்கள் ஒதுக்குவார்கள், வாசிப்பவருக்கு லாபம்.

மரத்தையும் விசாரியுங்கள். 1969 வரை மார்ட்டினின் உயர்தர மாடல்களில் பிரேசில் ரோஸ்வுட் இருந்தது. அதன் பிறகு இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறினார்கள், நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம்தான் அது. பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது. அந்தக் கிடாரை வெளிநாட்டில் வாங்கி ஊருக்குக் கொண்டுவர நினைத்தால், உரிய அனுமதிச் சீட்டு கிடைக்குமா என்று விசாரித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

பட்ஜெட் குறைவு என்றால் ஜப்பானில் செய்த பழைய யமஹா எஃப்ஜி கிடார்களைப் பார்க்கலாம். எஃப்ஜி-180 வந்தது 1966-இல். டாப் ஒட்டுப்பலகைதான், ஆனால் உறுதியானது. இதில் கழுத்துக் கோணம் சரியில்லை என்றால் விட்டுவிடுங்கள், ரீசெட் செலவு பெரும்பாலும் கிடார் விலையைத் தாண்டிவிடும்.

படி 7: வீட்டுக்கு வந்ததும்

புதியதோ பழையதோ, நல்ல பட்டறையில் ஒரு செட்-அப் செய்துவிடுங்கள். ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருக்கட்டும். கடலோர ஊர்களில் டாப் உப்பும், ஏசி அறையில் மரம் காய்ந்து ஃப்ரெட்களின் ஓரம் கையைக் கீறும். பெட்டிக்குள் ஒரு சின்ன ஈரப்பதமானி வைத்தால் போதும். வெயிலில் நிற்கும் காரில் கிடாரை விடவே கூடாது, பசை இளகிவிடும்.

கம்பியில் 12-53 லைட் செட் பொதுவானது (முதல், ஆறாம் கம்பிகளின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). விரல் நுனி காய்த்துப் போகும் வரை 11-52 போடலாம். பழைய லேசான கிடாருக்கும் அதுவே நல்லது. மீடியம் செட் மட்டும் வேண்டாம், அந்த இழுவை பழைய பிரிட்ஜுக்கு அதிகம்.