நகராத காருக்கு டாலி வாங்கும்போது செய்யக்கூடாதவை

பழைய கார் ஒன்றைப் புதுப்பிக்க ஆரம்பித்திருக்கும் ஒரு தம்பி, போன வாரம் தான் வாங்கிய நான்கு டாலிகளைப் பெருமையாகக் காட்டினான். டாலி என்றால் காரின் ஒவ்வொரு சக்கரத்துக்கும் அடியில் வைத்து வண்டியை உருட்டும், சின்னச் சக்கரங்கள் பொருத்திய தட்டு. வண்டியில் நான்கு பிரேக்கும் துருப்பிடித்து இறுகிக் கிடக்கின்றன. தள்ளினால் அசையாது, அதனால் டாலி தேவைதான். ஒன்றை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் குட்டிக் குட்டி இரும்புச் சக்கரங்கள். பல வருடங்களுக்கு முன் நான் வாங்கி ஏமாந்த அதே ரகம். "எவ்வளவு எடை தாங்கும்னு பார்த்துத்தான் வாங்கினேன் அண்ணே" என்றான். நானும் அப்படித்தான் வாங்கினேன்.

ஜாக்கை எங்கே கொடுப்பது, தூக்கும் முன் மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைப்பது போன்றவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எடைக் கணக்கை மட்டும் நம்புவது

என் டாலிகளின் பெட்டியில் நான்குக்கும் சேர்த்து 1,800 கிலோ என்று போட்டிருந்தது. என் வண்டி 1,200 கிலோ. தாராளம் என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டியின் எடை நான்கு சக்கரங்களுக்கும் சமமாகப் பிரிவதில்லை. எஞ்சின் முன்னால் இருந்தால் 60 சதவீதம்வரைகூட முன்பக்கம் வரலாம். அதாவது முன் சக்கரம் ஒன்றுக்கு 360 கிலோ. டாலி ஒன்று 450 கிலோ தாங்கும், சரி. ஆனால் டாலிக்கு அடியில் நான்கு காஸ்டர்கள், அதாவது எந்தப் பக்கமும் திரும்பும் அந்தச் சின்னச் சக்கரங்கள், இருக்கின்றன. ஒன்றின் பங்கு 112 கிலோதான். தரை கொஞ்சம் மேடுபள்ளமாக இருந்தாலும் நாலு கால் ஸ்டூல் ஆடுவதுபோல டாலியும் ஆடும். அப்போது மூலைக்கு மூலை எதிரெதிராக உள்ள 2 காஸ்டர்களே மொத்தச் சுமையையும் வாங்கும். ஆளுக்கு 180 கிலோ. பெட்டியில் போட்ட எண் கண்ணாடி மாதிரி வழவழப்பான தரைக்கு மட்டும்தான் பொருந்தும்.

இது பாதிக் கதைதான். எனக்கு இன்றும் எரிச்சல் வருவது காஸ்டரின் விட்டத்தை நினைத்தால். ஷெட் தரையில் கான்கிரீட் பலகைகளுக்கு நடுவே விரல் அகலத்தில் ஒரு இடைவெளி ஓடியது. நானும் நண்பர்கள் இரண்டு பேரும் பின்னாலிருந்து தள்ளினோம். வண்டி நன்றாக வேகமெடுத்தது. முன் இடது டாலி மட்டும் அந்த இடைவெளியில் "டக்" என்று நின்றது. வண்டி நிற்கவில்லை. டயர் டாலியின் விளிம்பில் ஏற, டாலி குடைசாய்ந்து, அதன் மறுமுனை மேலே எழும்பிக் கதவுக்குக் கீழே ஓடும் தகட்டில் குத்தியது. இரண்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்து அப்போதுதான் வெல்டிங் வைத்து, தேய்த்து, பிரைமர் அடித்து முடித்த தகடு. காஸ்டரைத் தாங்கும் கவையும் வளைந்துபோனது. யார் காலும் அதற்கடியில் இல்லாதது எங்கள் அதிர்ஷ்டம்.

காரணம் எளிய கணக்கு. 50 மி.மீ. விட்டமுள்ள சக்கரம் 6 மி.மீ. உயரமுள்ள ஒரு கல்லை ஏறித் தாண்ட, அந்தச் சக்கரத்தின் மேல் இருக்கும் எடையில் கிட்டத்தட்ட 85 சதவீத அளவுக்குக் கிடைமட்டமாகத் தள்ள வேண்டும். 125 மி.மீ. சக்கரத்துக்கு எடையில் பாதிகூட வேண்டாம். தரையில் விழுந்து கிடக்கும் ஒரு சின்ன நட் உங்கள் வண்டியை நிறுத்திவிடும் என்பது மிகை இல்லை.

ஆகவே முதலில் காஸ்டரைப் பாருங்கள். விட்டம் 100 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். இரும்பை விடப் பாலியூரித்தேன் நல்லது; சத்தமும் குறைவு, தரையும் கீறாது. சக்கரத்திலும் திரும்பும் கழுத்திலும் பால் பேரிங் இருக்க வேண்டும். ஒற்றைத் தண்டில் மாட்டியதைவிட, நான்கு போல்ட் போட்ட தகட்டில் உட்கார்ந்த காஸ்டர் உறுதி. பெரிய காஸ்டர் போட்டால் வண்டியைக் கொஞ்சம் கூடுதலாகத் தூக்க வேண்டிவரலாம், அவ்வளவுதான். ஏற்கெனவே சின்னது வாங்கிவிட்டீர்களா? தரையைப் பெருக்கி, இடைவெளிகளின் மேல் மெல்லிய இரும்புத் தகடு போட்டு, அப்புறம் தள்ளுங்கள். பிளைவுட் வேண்டாம், அதன் விளிம்பே இன்னொரு படி.

சரிவில் ஹேண்ட் பிரேக்கை நம்புவது

டயர் தரையைத் தொடவில்லை. ஹேண்ட் பிரேக்கும் கியரும் எதைப் பிடிக்கும்? ஷெட் வாசலில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் லேசான சரிவே போதும், வண்டி தானாகக் கிளம்பிவிடும். அந்த இடத்தைக் கடக்க வேண்டுமென்றால் மேட்டுப் பக்கம் நிலையான ஒன்றில் வின்ச்சை (கம்பியைச் சுற்றி இழுக்கும் கருவி) கட்டி, இழுத்துப் பிடித்தபடியே நகர்த்துங்கள். காஸ்டர் பூட்டு சமதரையில் நிறுத்தி வைக்க மட்டும்.

டயரை அளக்காமல் வாங்குவது

டயரின் அகலத்தையும் வெளி விட்டத்தையும் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். காற்று இறங்கிய டயர் பக்கவாட்டில் பிதுங்கும், தட்டில் சரியாகக் குழிந்து உட்காராது. மிதித்துத் தூக்கும் ரகமானால் இன்னும் சிக்கல்: இரண்டு உருளைகள் டயரை இரு பக்கமும் நெருக்கித்தான் மேலே தூக்குகின்றன. டயர் தொளதொளவென்று இருந்தால் அதன் தூக்கும் தூரமெல்லாம் ரப்பரை நசுக்குவதிலேயே போய்விடும். முதலில் காற்றடியுங்கள்.

சக்கரமே இல்லாத வண்டிக்கு இதையே போடுவது

பிரேக் டிஸ்க் டயருக்கான டாலிக் குழியில் நிற்காது, வழுக்கும். எந்தப் பழைய சக்கரமானாலும் சரி, போல்ட் துளைகள் பொருந்தினால் மாட்டிவிட்டு ஏற்றுங்கள்.

டாலி மேல் வண்டி, அதன் அடியில் நீங்கள்

கூடாது. தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் ஜாக் ஸ்டாண்ட் எதற்கு இருக்கிறது?

சுவரோடு ஒட்டி நிறுத்தப் பார்ப்பது

முன்னே போன வண்டியைப் பின்னே இழுத்தால், 16 காஸ்டர்களும் ஒவ்வொன்றாகத் திரும்பும். அந்த நொடியில் வண்டி பக்கவாட்டில் ஒரு குதி குதிக்கும். சுவரிலிருந்து ஒரு சாணாவது விடுங்கள். அந்தத் தம்பிக்கும் இதைச் சொன்னேன். அவன் டாலியைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தான். பெட்டியைக் கிழித்துவிட்டானாம்.