தபால் அரசிடமா, தனியாரிடமா: மேடை ஏறுமுன் செய்ய வேண்டிய வேலைகள்

எங்கள் ஊர்த் திருவிழாவில் இந்த வருடம் பட்டிமன்றம். அஞ்சல் துறை அரசிடமே இருக்க வேண்டுமா, தனியாருக்குப் போகலாமா என்பது தலைப்பு. அண்ணன் மகள் அரசு அணியில் பேசுகிறாள். "அத்தை, நாலு பாயிண்ட் எழுதிக் குடுங்க" என்று வந்து நின்றாள். சாயல்குடிக்கும் ஏர்வாடிக்கும் நடுவில் ஒரு கடலோரக் கிராமத்தில் 31 வருடம் கிளை அஞ்சலகம் நடத்திவிட்டு, 65 வயதில் சாவியைக் கொடுத்தவள் நான். நாலு என்ன, நாற்பதே சொல்லலாம். ஆனால் எழுதிக் கொடுத்தால் ஒப்பிப்பாள், எதிரணி குறுக்கே ஒரு கேள்வி போட்டால் முழிப்பாள். அதனால் பாயிண்டுக்குப் பதில் வேலை கொடுத்தேன். இதே தலைப்பில் பேசப் போகிற மற்றவர்களுக்கும் ஆகட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் தபால் என்ற சொல்லைப் பிரித்துப் போடுங்கள். கடிதம் வேறு, பார்சல் வேறு, சேமிப்புக் கணக்கு வேறு. பார்சலில் கூரியர்காரர்கள் வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. அங்கே போய்த் தனியாரை விடாதே என்று கத்தினால் கூட்டம் சிரிக்கும். கடிதத்துக்கு மட்டும்தான் 1898-ஆம் வருடச் சட்டம் அரசுக்குத் தனியுரிமை கொடுத்திருந்தது. அதன் இடத்தில் வந்த 2023-ஆம் வருடச் சட்டம் 2024 ஜூனில் நடைமுறைக்கு வந்தபோது அந்த உரிமையும் போனது, தபால் தலை வெளியிடும் உரிமைதான் மிச்சம். ஆக, தனியார் வரலாமா என்று இனிமேல் கேட்டுப் பயனில்லை, கதவு திறந்தாயிற்று. இருக்கிற துறையை விற்கலாமா என்பதுதான் கேள்வி. முதல் நிமிடத்திலேயே இதைச் சொல்லுங்கள், நடுவர் நிமிர்ந்து உட்காருவார்.

அடுத்த வேலைக்குச் செருப்பு தேய வேண்டும். உங்கள் ஊர்த் தபால்காரரிடம் சொல்லிவிட்டு ஒரு நாள் அவர் பின்னாலேயே நடங்கள். பையைத் தொட வேண்டாம், அது முறையில்லை. என்ன வந்தது, எந்த வீட்டுக்கு, எத்தனை நடை என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் பாதி வீட்டுக்குக் கதவு எண் கிடையாது. முனியசாமி நாலு பேர். அப்பா பெயரைப் பார்த்துப் பிரிப்போம். இரண்டு பேருக்கு அப்பா பெயரும் ஒன்று, அப்போது அனுப்பிய ஊரைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். மதுரை நகைக்கடன் நோட்டீஸ் என்றால் வடக்குத்தெரு முனியசாமி, சென்னையிலிருந்து வந்தால் மகன் அங்கே வேலை பார்க்கும் முனியசாமி. ஒரு தடவை கத்தாருக்குப் போகிற பையனுக்குப் பாஸ்போர்ட் வந்தது. ஆள் கடலில். அவன் கையில்தான் கொடுக்க வேண்டும். அவன் அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தேன். மறுநாள் விடிகாலை வள்ளத்திலிருந்து இறங்கி நேராக என் வீட்டுத் திண்ணைக்கு வந்து, கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான். தாளில் ஒரு மீன் செதில் ஒட்டிக்கொண்டது. நான் அதை எடுக்காமல் அப்படியே கட்டி அனுப்பிவிட்டேன்.

மூன்றாவது, சோதனை. ராமநாதபுரத்திலிருந்து அரைக் கிலோ கருப்பட்டியை உங்கள் ஊருக்கே தபாலில் ஒன்று, கூரியரில் ஒன்று அனுப்புங்கள். என் அண்ணன் மகள் செய்தாள். கூரியர் மறுநாளே வந்துவிட்டது, ஆனால் டவுனுக்கு. "உங்க ஏரியாவுக்கு டெலிவரி இல்லை, வந்து வாங்கிக்கோங்க" என்று போன். பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தாள். தபால் இரண்டு நாள் தாமதம், ஒரு மூலை நசுங்கி வந்தது, ஆனால் வாசலுக்கு வந்தது. நசுங்கியதையும் மேடையில் சொல் என்றேன். மூஞ்சியைத் தூக்கிக்கொண்டாள். சொல்லத்தான் வேண்டும். என் தம்பிக்கு வந்த இன்டர்வியூ கடிதம் வழியில் ஏதோ ஓர் ஆபீசில் பைக்கு அடியில் கிடந்து, தேதி போன பிறகு என் கைக்கே வந்து சேர்ந்தது. இப்படி ஒரு கதை எதிரணியில் எல்லோர் வீட்டிலும் இருக்கும்.

நட்டக் கணக்கை அவர்கள் எடுப்பார்கள். மறுக்காதீர்கள், நட்டம் உண்மை. ஓய்வூதியமே பெரிய சுமை, போஸ்ட் கார்டை இன்னும் 50 பைசாவுக்குத்தான் கொடுக்கிறோம். நாட்டில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் அஞ்சலகங்கள், பத்தில் ஒன்பது கிராமத்தில். என் ஆபீசில் தபால் தலை விற்பனை நூறு ரூபாயைத் தொடாத நாட்கள் எத்தனையோ. துறையை விலைக்கு வாங்க வருகிறவர் சென்னை அண்ணா சாலை ஆபீசைக் கேட்பார், என் திண்ணையை எதற்குக் கேட்கப் போகிறார்? அதே திண்ணையில்தான் மாதம் நூறு ரூபாய் ஆர்.டி. கட்டினார்கள், பாசி எடுக்கப் போகிற பெண்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அப்போது விசைப்படகுக்காரர் வீடுகளில் அந்தப் பாஸ்புக்தான் அடுப்பை எரித்தது.

வெளிநாட்டு உதாரணத்தில்தான் பலர் வழுக்குவார்கள். பிரிட்டன் ராயல் மெயிலை 2013-இல் பங்குச் சந்தையில் விற்றது. முதல் வகுப்புத் தபால் தலை அப்போது 60 பென்ஸ், 2025 ஏப்ரலில் 1 பவுண்டு 70 பென்ஸ். இதை வைத்து நீங்கள் கைதட்டு வாங்கலாம். கடிதம் எழுதுவதே குறைந்துவிட்டது, விலை ஏறாமல் என்ன செய்யும் என்று எதிரணி கேட்டால் அதுவும் நியாயம். இன்னொன்று, டென்மார்க்கில் 2025 கடைசியோடு கடிதப் பட்டுவாடாவையே நிறுத்திய போஸ்ட்நார்ட் அரசுகளுக்குச் சொந்தமான நிறுவனம்! எல்லா வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை அந்த நாட்டுச் சட்டம் அதற்கு முன்பே எடுத்துவிட்டது. அதனால் சொத்து யார் பெயரில் என்பதோடு நிற்காமல், கடைசி வீட்டுக்கும் அதே விலைக்குப் போகச் சொல்லி யாரைச் சட்டம் கட்டிப் போடுகிறது என்று கேளுங்கள். அரசிடம் இருந்தால் அந்தக் கட்டை அவிழ்க்கும்போது நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டுக் கேட்க வருகிறவரை வாசலில் நிறுத்திச் சண்டை போடலாம். நான் அரசு பக்கம் நிற்பது இதனால்தான், வேலை பார்த்த பாசத்தால் இல்லை.

தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் அஞ்சலகத்தைச் சொல்லிக் கண்ணீர் வரவழைக்க வேண்டாம். அதை இடித்தது 1964 புயல், தனியார் முதலாளி இல்லை.

ஆளுக்கு எட்டு நிமிடம்தான் தருவார்கள். அவள் ஒத்திகை பார்த்தபோது டென்மார்க்கிலேயே ஐந்து நிமிடம் போய்விட்டது. டென்மார்க்கைச் சுருக்கச் சொன்னேன், நாலு முனியசாமியும் உள்ளே வர வேண்டும்.