பேய் அந்துப்பூச்சியை இனங்காண்பது எப்படி? கைவில்லையோடு தொடங்குவோருக்கு

விளக்கடியில் கிடக்கும் பெரிய கபில நிற அந்துப்பூச்சியைப் படமெடுத்து விசாரித்தால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். எல்லோரும் இறகின் நிறத்தைப் பார்ப்பதுதான் இதற்குக் காரணம். பேய் அந்துப்பூச்சிகளின் குடும்பமான ஹெப்பியலிடேயை நிறத்தால் பிடிக்கவே முடியாது. 1758இல் லின்னேயஸ் பெயரிட்ட ஐரோப்பிய இனமான ஹெப்பியலஸ் ஹியூமுலியில் ஆண் வெள்ளை, பெண் மஞ்சள். இலங்கையிலுள்ள எண்டோகிளிட்டா சாதியோ (சாதி என்பது நெருங்கிய இனங்களின் தொகுதி) மரப்பட்டை நிறம். உடலமைப்பைப் பார்க்கப் பழகுங்கள்.

தேவையானவை: 10 மடங்கு கைவில்லை, மில்லிமீற்றர் அடிமட்டம், மெல்லிய வண்ணத் தூரிகை, கூரிய இடுக்கி, பாமசியில் வாங்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்.

படி 1: வேறொன்றில் பழகுங்கள். வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ மாடி விளக்கின் கீழ் இறந்து கிடக்கும் ஸ்பிங்கிடே குடும்பத்துப் பூச்சி போதும். தடித்த உடலும் ஒடுங்கிய இறகும் கொண்டது அது. அதன் பின்னிறகின் முன்விளிம்பில், அடிப்பகுதியில், விறைத்த முள்மயிர் ஒன்று இருக்கும். பெண்ணில் அது பல மயிர்களாகப் பிரிந்திருக்கும். முன்னிறகையும் பின்னிறகையும் கொளுவி வைப்பது இதுதான். இதை ஒருமுறை கண்ணால் கண்டுவிட்டால் அது இல்லாத பூச்சியை உடனே அறிவீர்கள்.

படி 2: தலையும் கால்களும். பேய் அந்துப்பூச்சியின் உணர்கொம்புகள் மிகக் குட்டை. பெரும்பாலும் மார்பின் நீளத்தைத் தாண்டா. சுருண்ட உறிஞ்சுகுழலைத் தேடினால் கிடைக்காது. வளர்ந்த பூச்சி உணவு உண்பதில்லை. கால்களின் கணைப்பகுதியில் மற்ற அந்துப்பூச்சிகளுக்கு உள்ள குதிமுட்களும் இல்லை. கால் உடைந்திருந்தால் இந்த அடையாளத்தை நம்ப வேண்டாம்.

படி 3: இறகின் அடி. முள்மயிருக்குப் பதிலாக, முன்னிறகின் பின்விளிம்பில், உடலோடு ஒட்டும் இடத்தில், விரல்போன்ற சிறு மடல் நீண்டிருக்கும். இறகை விரித்து ஊசி குத்தும்போது இது மடிந்து மறைந்துவிடும். ஆகவே விரிப்பதற்கு முன்பே பாருங்கள், படமும் எடுங்கள்.

படி 4: நரம்புகள். முடிவைத் தீர்மானிப்பது இதுதான். தூரிகையில் ஸ்பிரிட் தொட்டுப் பின்னிறகின் அடிப்பக்கத்தில் தடவுங்கள். செதில்கள் சில நொடிகளுக்கு ஊடுதெரியும். ஸ்பிரிட் காய்வதற்குள் படமெடுத்துவிட வேண்டும். முன்னிறகில் நரம்புகள் கிளைக்கும் விதமே பின்னிறகிலும் இருந்தால் ஹெப்பியலிடே என்று துணியலாம். மற்ற அந்துப்பூச்சிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னிறகில் நரம்புகள் குறைவு. அழுத்தித் தேய்த்தால் செதில் உரிந்து, இறகு வடிவமே குலைந்துவிடும்.

அதிகம் குழப்புவது கொசிடே குடும்பம். அதன் புழுக்களும் தண்டைத் துளைப்பவை. ஆனால் அக்குடும்பத்துச் சுசேரா கொஃபியே புழு எச்ச உருண்டைகளைத் துளை வழியே வெளியே தள்ளும். எண்டோகிளிட்டா புழுவோ துளைவாயைப் பட்டுநூலும் மரத்தூளும் சேர்ந்த மூடியால் மறைக்கும். தண்டில் ஒட்டிய அந்தக் கபிலத் திட்டை இடுக்கியால் மெல்ல நீக்கினால் கீழே துளை தெரியும்.

படி 5: சாதி, இனம். இங்கே அவசரம் கூடாது. பூச்சியியலாளர் மூர் 1883இல் இலங்கைப் பூச்சியை வைத்து விவரித்த எண்டோகிளிட்டா பர்ப்புரெசென்ஸ் பழைய சிட்டைகளில் ஃபாஸஸ் என்ற சாதிப்பெயரோடு இருக்கும். இரண்டும் ஒரே பூச்சிதான். இன்று ஃபாஸஸ் என்ற பெயர் அமெரிக்க இனங்களுக்கு மட்டுமே. நெருங்கிய இனங்களைப் பிரிக்க, வயிற்று நுனியை 10% பொட்டாசியம் ஹைட்ரொட்சைட்டில் இளக்கி, இனப்பெருக்க உறுப்பைப் பார்க்க வேண்டும். தோலை எரிக்கும் காரம் அது. ஆய்வுகூடப் பழக்கமுள்ளவர் துணையின்றித் தொடாதீர்கள். அதுவரை "எண்டோகிளிட்டா, இனம் தெரியாது" என்று எழுதுவதே சரியான பதில்.

படி 6: சிட்டை. இடம், திகதி, நேரம், விளக்கின் வகை, முன்னிறகின் நீளம் மில்லிமீற்றரில். காப்பு வனங்களில் பூச்சி பிடிக்க அனுமதி தேவை. அங்கே படத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்: மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் உணர்கொம்பு தெரிய ஒன்று, அருகில் அடிமட்டம் வைத்து ஒன்று.